ஒன்றரைக் கட்டை கூடுதல்

போன வருஷம் ஹிட்டான சினிமாப் பாட்டுகள் அத்தனையையும் என் பாட்டு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். ரசிகையாக இருந்து எழுதியதல்ல. புதுச்சேரியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பதினெட்டு வருஷமாகப் பாடுகிறேன். ஒரு பாட்டு ஹிட்டானால் அடுத்த வாரமே அதை மேடையில் பாடியாக வேண்டும், எழுதிப் படிக்காமல் முடியாது. பகலில் கோரிமேட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற வேலை. இரண்டு வேலையிலும் என் தொண்டைதான் சம்பாதிக்கிறது என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் கிண்டல் செய்வாள்.

முன்பெல்லாம் ஒரு படத்தின் பாட்டுகள் மொத்தமாக வெளிவரும். ஐந்தாறு பாட்டில் ஒன்றாவது பெண் குரலுக்கென்று இருக்கும். இப்போது சிங்கிள் சிங்கிளாக விடுகிறார்கள். முதல் சிங்கிளுக்கு ஒரு நாள் குறிக்கிறார்கள், அந்த நாளை அறிவிப்பதற்கு இன்னொரு நாள் குறிக்கிறார்கள். முதல் சிங்கிள் என்றால் ஹீரோ ஆட வேண்டும். ஹீரோ ஆடினால் ஆண் குரல்தான் பாட வேண்டும். இரண்டாவது சிங்கிளிலும் அவரேதான் ஆடுகிறார். பெண் பாடுகிற பாட்டு படம் ஓடி முடிந்தபிறகு எங்கேயோ ஒரு மூலையில் கிடக்கும்.

அந்த வருஷம் பொங்கலிலிருந்து எழுதிய என் நோட்டைப் பார்த்தால் எனக்கே வயிறு எரியும். ஒரு பாட்டில் எனக்கு நாலு வரி. இன்னொன்றில் வெறும் ஹம்மிங். மார்ச் மாதம் முழுக்கத் தெருத்தெருவாக ஓடிய ஒரு பாட்டில் பெண் குரல் என்று வருவது ஒரு சிரிப்பு மட்டும்தான். பட்டுப்புடவை கட்டி, தலைநிறையப் பூ வைத்து, மைக் முன்னால் ஐந்து நிமிஷம் நின்று, ஒரே ஒரு தரம் சிரித்துவிட்டு உட்காருவேன். அதையும் சுருதியோடு சிரிக்க வேண்டும்.

மற்றபடி எனக்கு இருந்தது சாமிப் பாட்டும் சாப்பாட்டுப் பாட்டும். நிகழ்ச்சி தொடங்கும்போது முதலில் சாமிப் பாட்டு, அது எப்போதும் என்னுடையது. அப்போது நாற்காலிகள் காலியாக இருக்கும். பந்தி நடக்கும்போது இரண்டு பழைய மெலடி. அப்போது எல்லாரும் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூட்டம் கூடி ஆடுகிற நேரத்தில் எங்கள் ஆண் பாடகர் பாடுவார், நான் பின்னால் உட்கார்ந்து தாளம் போடுவேன்.

இப்படி இருக்கும்போது ஏப்ரலில் அந்தப் பாட்டு வந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒரு பெண் பாடுகிறாள். தன்னை விட்டுப் போனவனை ஒருத்தி நன்றாக வாங்கு வாங்கு என்று வாங்குகிற பாட்டு, அதற்கு ஆட்டம் போட வைக்கிற தாளம். பத்தே நாளில் ஊரெல்லாம் அதுதான். எங்கள் தவளக்குப்பம் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிற அக்காகூட அதை முணுமுணுத்துக்கொண்டுதான் வெட்டினார். எனக்கு நாற்பத்து நாலு வயது. இனி இப்படி ஒரு ஹிட் என் கைக்கு வருமா என்று தெரியாது. அதை நான்தான் பாட வேண்டும், நன்றாகப் பாட வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது.

எங்கள் குழுவை நடத்துகிறவர் கீபோர்டு வாசிப்பவர். எல்லாரும் மாஸ்டர் என்போம். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், என்னை அக்கா என்று கூப்பிடுவார். அவர் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். புதுப் பாட்டை அவர்தான் எங்கள் வாட்ஸப் குழுவில் ஃபைலாக அனுப்புவார். அதைக் கேட்டுத்தான் எல்லாரும் பாடம் பண்ண வேண்டும், வேறு எங்கேயும் கேட்கக் கூடாது. இதற்குக் காரணம் உண்டு. சில வருஷத்துக்கு முன் வில்லியனூரில் ஒரு ரிசப்ஷனில் நானும் ஆண் பாடகரும் ஒரு டூயட் பாடினோம். அவர் படத்தில் வருகிறபடி படித்திருந்தார், நான் சிங்கிளில் வருகிறபடி படித்திருந்தேன். இரண்டாவது சரணத்தில் அவர் ஒரு வரியும் நான் ஒரு வரியும் ஒரே நேரத்தில் எடுத்தோம். மாப்பிள்ளையே சிரித்துவிட்டார். அன்றைக்குப் போட்ட சட்டம் அது. நியாயமான சட்டம்தான், நானும் மீறியதில்லை.

மாஸ்டர் அந்தப் பாட்டை அனுப்பினார். கூடவே ‘ஆறரைக் கட்டை’ என்று எழுதியிருந்தார். பாடுகிற சுருதியை நாங்கள் கட்டைக் கணக்கில் சொல்வோம். என் குரல் ஐந்தில் சுகமாக நிற்கும், ஐந்தரை வரைக்கும் கவலையில்லை. ஆறரை என்றதும் எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. ஆனால் வருஷத்துக்கு ஒரே ஒரு பாட்டு வந்திருக்கிறது, அதில் போய் சுருதியைக் குறையுங்கள் என்று கேட்டால் அக்காவுக்கு வயசாகிவிட்டது என்பார்கள். வாயை மூடிக்கொண்டு படித்தேன்.

சரணத்தின் கடைசி வரி மேலே போகிறது. அங்கே போனதும் என் குரல் நூல் மாதிரி மெலிந்து அறுந்துபோகும். காலையில் மிளகும் பனங்கற்கண்டும், மாலையில் சித்தரத்தை, படுக்கும் முன் ஆவி. மோர் குடிப்பதை விட்டேன். ஸ்கேன் சென்டரில் டோக்கன் கூப்பிடாமல் கையால் சைகை காட்டினேன். நோயாளிகள் எனக்குத்தான் ஏதோ வியாதி என்று பரிதாபமாகப் பார்த்தார்கள். இத்தனைக்கும் நடுவே விழுந்து விழுந்து கேட்டது அந்த ஃபைலைத்தான். அதில் அந்தப் பெண் சிரமமே இல்லாமல், மூச்சே வாங்காமல் அந்த வரியைத் தாண்டிப் போகிறாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

முதல் தடவை அதை மேடையில் பாடியது கடலூர் ரோட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஒரு மண்டபத்தில். பாதிக்கூட்டம் என் தெருக்காரர்கள். முதல் சரணம் எப்படியோ ஒப்பேற்றினேன். இரண்டாவதில் கடைசி வரி வந்தபோது குரல் பிளந்தது. மைக் எதையும் மறைப்பதில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை காதைப் பொத்தியது. மறுநாள் மார்க்கெட்டில் தெரிந்தவர் ஒருவர் சளி தேவலையா என்று விசாரித்தார். தேவலை என்றேன்.

அதன்பிறகு இன்னும் மூன்று நிகழ்ச்சி. மூன்றிலும் அதே கதை. பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டை டாக்டரிடம் போனேன், வாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். குரல் நாணில் ஒன்றுமே இல்லையம்மா, நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். எனக்கு அது இன்னும் கஷ்டமாகப் போயிற்று. நோய் என்றால் மருந்து உண்டு. நோயும் இல்லை, குரலும் ஏறவில்லை என்றால் வயசு என்றுதானே அர்த்தம். அன்றைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே அழுதேன்.

மாஸ்டரிடம் நானே போய்ச் சொன்னேன். அந்த உயரத்தில் எனக்கு வரவில்லை என்றேன். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால்கூடத் தேவலை. ரொம்பப் பிரியமாக, “கஷ்டமா இருந்தா வுடுங்கக்கா. ஒரு பொண்ணு இருக்குது, காலேஜ் படிக்குது. அது பாடிட்டுப் போவுது. நீங்க சாமிப் பாட்டு பாடுங்க, அதுக்கு ஒங்கள வுட்டா ஆளில்ல” என்றார்.

மே மாதம் அந்தப் பெண் வந்தாள். என் மகளைவிட ஒரு வயது பெரியவளாக இருப்பாள். ஒல்லியான குரல், ஆறரைக் கட்டைக்கு அலட்சியமாக ஏறியது. கூட்டம் ஆடியது. நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து கோரஸ் சொன்னேன். அவள் என்னைப் பார்த்து, “அக்கா, நல்லா இருந்துச்சா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். நல்லா இருந்தது என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். மனசுக்குள் அவளைப் பிடிக்கவே இல்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஜூலையில் ஒரு நாள் காலை வேலைக்குப் போகிறேன். தவளக்குப்பத்தில் ஏறிய தனியார் பஸ்ஸில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். ஆனால் ஏதோ தொய்வாக ஓடியது. டிரைவருடைய செட்டில் கோளாறு என்று நினைத்தேன். அரியாங்குப்பம் பாலம் தாண்டுவதற்குள் சரணம் வந்துவிட்டது. பாடுகிற பெண்ணுக்கு நெஞ்சிலிருந்து வருகிற கனமான குரல். வரிக்கு நடுவே மூச்சு வாங்குவது கேட்டது. அந்தக் கடைசி வரியில் அவளும் கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் ஏறினாள், ஏறி நின்றாள். நான் என்னையறியாமல் கூடவே முணுமுணுத்தேன். எனக்குச் சுலபமாக வந்தது. தொண்டையில் ஒரு இழுப்பும் இல்லை.

செட்டு ரிப்பேரா என்று கண்டக்டரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இதுதான் ஒரிஜினல் என்றார். வேலைக்குப் போனதும் போனில் அந்தப் படக் கம்பெனியே போட்ட பாட்டைத் தேடிக் கேட்டேன். பஸ்ஸில் கேட்டதேதான். மாஸ்டர் அனுப்பியதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். அது வேறு. யாரோ பாட்டை வேகப்படுத்திப் போட்டிருக்கிறார்கள். வேகப்படுத்தினால் குரலும் உயர்ந்துவிடும். ரீல்ஸில் எல்லாரும் ஆடுகிறது அந்த வேகத்துக்குத்தான். பாட்டின் உண்மையான சுருதி ஐந்து கட்டை. என் வீட்டுத் திண்ணை மாதிரி எனக்குப் பழகின ஐந்து கட்டை.

அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சினிமாவில் பாடியவளே பாடாத சுருதியில் பாட முடியவில்லை என்று மூன்று மாசம் என்னை நானே கரித்துக் கொட்டியிருக்கிறேன். மிளகு தின்றேன், ஆவி பிடித்தேன், வாய்க்குள் கேமரா விட்டுக்கொண்டேன், என் பாட்டை இன்னொருத்திக்குத் தூக்கிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய் மகளிடம் இதைச் சொன்னால் அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அது ஸ்பீடு பண்ணதும்மா. எல்லாருக்கும் தெரியுமே” என்றாள். ஏன்டி என்னிடம் சொல்லவில்லை என்றேன். “நீ பாட்டுக்காரி, ஒனக்குத் தெரியாதுன்னு நான் கண்டனா?” என்றாள். 

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ஆளாக ஒத்திகை அறைக்குப் போனேன். இரண்டையும் மாஸ்டருக்குப் போட்டுக் காட்டினேன். அவர் கீபோர்டில் விரல் வைத்துப் பார்த்தார். ஒன்றரைக் கட்டை கூடுதல் என்று அவர் வாயாலேயே சொன்னார். யூடியூபில் அதற்குத்தான் பார்வை அதிகம் இருந்தது, அதுதான் சரியான பாட்டு என்று எடுத்துவிட்டதாகச் சொன்னார். தலையைச் சொறிந்தார். சிரித்தார்.

எனக்கு வேண்டியது இரண்டே விஷயம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் பாட்டை அதன் சுருதியில் நான் மேடையில் பாட வேண்டும். என் குரலில் குறையில்லை, ஃபைலில்தான் குறை என்று மாஸ்டர் எல்லாருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். முதலாவதுக்குச் சரி என்றார். இரண்டாவதுக்கு, “இதெல்லாம் போய் சொல்லிக்கிட்டு இருப்பாங்களாக்கா? யாரு ஒங்களத் தப்பா நெனச்சா?” என்றார். நான்தான் நினைத்தேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. அதற்குள் மற்றவர்கள் படியேறி வந்துவிட்டார்கள்.

ஆடி மாதத்தில் மற்ற ஊர்க் குழுக்களுக்கு வேலை இருக்காது. எங்களுக்கு உண்டு. பிரான்ஸில் இருக்கிற குடும்பங்கள் அங்கே பள்ளிக்கூடம் லீவு விடுகிற ஜூலை, ஆகஸ்டில்தான் ஊருக்கு வந்து பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்வார்கள். சர்ச்சில் நடக்கிற கல்யாணம், ஆடியைப் பார்ப்பதில்லை. அப்படி ஒரு ரிசப்ஷன், மாலை ஏழு மணிக்கு. பெரியவர்கள் எல்லாரும் மாஸ்டரைப் பிரெஞ்சு வழக்கப்படி முசியே என்று அழைத்தார்கள். சாமிப் பாட்டுக்கே நாற்காலி நிறைந்திருந்தது. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

நடனம் ஆரம்பித்ததும் மாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் முன்னால் போனேன். அந்தப் பெண் கோரஸுக்கு என் பக்கத்தில் நின்றாள். ஐந்து கட்டையில் பாட்டு தொடங்கியது. பல்லவியை எடுத்தேன். நான்கு மாசமாக அடைத்திருந்ததெல்லாம் அந்தப் பல்லவியில் வெளியே வந்தது. அந்தப் பாட்டில் எவ்வளவு கோபம் இருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நன்றாகப் பாடினேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

ஆடுகிறவர்களுக்குத்தான் கால் ஒட்டவில்லை. ரீல்ஸில் பழகிய அசைவை அந்த வேகத்தில் ஆட முடியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் தம்பி போலிருக்கிறது, மேடை ஓரத்துக்கு வந்து ரொம்ப மரியாதையாக, “மதாம், கொஞ்சம் வேகமா” என்றான். நான் கேட்காத மாதிரி சரணத்துக்குள் போனேன். தாளம் வேகமெடுத்தது. அதையும் சமாளித்தேன். கடைசி வரிக்குக் கொஞ்சம் முன்னால் காலுக்குக் கீழே தரை எழும்புகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் மாஸ்டரின் இடதுகை சுருதி ஏற்றுகிற பட்டனில் இருக்கிறது. அரைக்கட்டை, இன்னொரு அரை, இன்னொரு அரை. என் முகத்தைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அழுத்துகிறார்.

நான் பாடுவதை நிறுத்திவிட்டேன். வரியின் நடுவில். அந்தப் பெண் மாஸ்டரை ஒரு தரம் பார்த்தாள், விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டாள். கூட்டம் ஓவென்று கத்தி ஆடத் தொடங்கியது. குரல் மாறியதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, பிறகு பின்னால் போய் உட்கார்ந்தேன். முடிந்தபிறகு மாஸ்டர் வந்து, ஜனங்களுக்காகத்தான் செய்தேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். நான் மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருந்தால் அன்றோடு குழுவே போயிருக்கும்.

மறுநாள் காலை எங்கள் வாட்ஸப் குழுவில் இரண்டு பாட்டையும் அனுப்பினேன். கீழே எழுதினேன்: ‘இந்தப் பாட்டு ஐந்து கட்டை. நாம் ஏப்ரலிலிருந்து ஆறரையில் பாடுகிறோம். என் குரலில் ஒரு குறையும் இல்லை.’ மூன்று வரியை எழுதி அழித்து எழுதி ஒரு மணி நேரம் ஆயிற்று. குழுவில் பதினோரு பேர். எல்லாரும் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் கோடு விழுந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆண் பாடகராவது ஏதாவது சொல்வார் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மாஸ்டரிடமிருந்து ஒரு புது ஃபைல் வந்தது. இந்த வாரம் வந்த சிங்கிள், எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பாடம் பண்ணிவிடுங்கள் என்று இருந்தது. அதற்கு வரிசையாகக் கட்டைவிரல் படம் விழுந்தது. அந்த ஃபைலை நான் திறக்கவில்லை. இந்தக் குழுவில் இனி எதையுமே திறப்பதில்லை என்று இருந்தேன்.

பத்து மணி சுமாருக்கு அந்தப் பெண் கூப்பிட்டாள். மேடைக்கு வெளியே அவள் என்னோடு பேசுவது அதுதான் முதல் தடவை. நேற்று நடந்ததற்கு மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். வெடுக்கென்று ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று தயாராகவும் இருந்தேன்.

“மெசேஜ் பாத்தேங்க்கா” என்றாள். குரல் கரகரவென்று இருந்தது. “எனக்கும் அந்த வரில வலிக்கும்க்கா. பாடின மறுநாளு காலையில கொரலே வராது. காலேஜ்ல யாராச்சும் கூப்ட்டா தலைய மட்டும் ஆட்டுவேன்.”

ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

“நீங்க வரலன்னு சொன்னீங்க, என்னைக் கூட்டியாந்தாங்க. நானும் சொன்னா இன்னொருத்தி வருவா” என்றாள்.

தயார் செய்து வைத்திருந்த சுடுசொல்லெல்லாம் அப்படியே நின்றுவிட்டது. மே மாதத்திலிருந்து நான் வெறுத்துக்கொண்டிருந்த அந்த அலட்சியமான குரல் காலையில் இப்படியா இருந்திருக்கிறது? அவள் ஒவ்வொரு தடவையும் நல்லா இருந்துச்சா என்று என்னைக் கேட்டது குரல் உடைந்தது தெரிந்ததா என்ற பயத்தில்தான் என்று இப்போது புரிந்து என்ன பிரயோஜனம்? ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து போய் மாஸ்டரிடம் சொல்வோம், இரண்டு பேர் சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றேன்.  அவள் வேறு ஒன்று கேட்டாள். மாஸ்டர் காலையில் அனுப்பிய புதுப் பாட்டிலும் பெண் குரல் ரொம்ப மேலே போகிறதாம். அதன் உண்மையான சுருதி என்ன என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்றாள்.

திறப்பதில்லை என்று இருந்த ஃபைலைத் திறந்தேன். போனில் ஒரிஜினலையும் தேடி எடுத்தேன். இரண்டையும் இரண்டு தடவை கேட்டுவிட்டு அவளைத் திருப்பிக் கூப்பிட்டேன். ஒரு கட்டை கூடுதலாக இருக்கிறது, இதுவும் வேகப்படுத்தியதுதான், நீ இதைப் பாட வேண்டாம் என்றேன்.

 அவள் பக்கத்தில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

“ஒரு கட்டதானக்கா, பாடிருவேன்” என்றாள். “எனக்கு வலிக்குதுன்னு மாஸ்டர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”